கம்பம் திரும்பாத ஒன்பது நாள்

அந்த வீட்டுக்கு டெலிவிஷன் பெட்டி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் இன்னும் ஒரு படமும் வரவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான். தூத்துக்குடிக்கு அப்போது எந்த நிலையத்தின் படமும் எட்டாது. பெட்டிக்குப் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணியைப் போர்த்தி, மேலே மாதா படமும் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் துணியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். அதில் தங்கள் முகம் தெரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் டெலிவிஷன் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தோணிக்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். அந்தக் கரையில் காட்டும் படம் கடல் தாண்டி இந்தக் கரையிலும் விழும், உயரமாக ஆன்டெனா கட்டினால் போதும் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மகனுக்குக் கடிதம் போயிற்று. அவன் யாரோ ஒரு கப்பல்காரர் மூலம் ஒரு நீள அட்டைப் பெட்டியை அனுப்பி வைத்தான். உள்ளே அலுமினியக் குழாய்கள், திருகுகள், ஒரு கட்டுப் பட்டை ஒயர், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். அதைக் கட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஒயர்மேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. லைசென்ஸ் என் பெயரில் கிடையாது, கடை முதலாளியின் பெயரில்தான் வேலை. விளக்கு, விசிறி, காலிங் பெல் எல்லாம் மாட்டுவேன். ஆன்டெனாவை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வராது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்துபோகும். இப்படித் தலையாட்டியே நாற்பத்திரண்டு வயது வரை வந்திருந்தேன்.

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை அறையில் தனியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்று, சாயர்புரத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் மாப்பிள்ளைக்குப் பேச வருமா என்று கேட்டனுப்பினார்கள். அதன்பிறகு பார்ப்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று. காலையில் கடை, பகலில் யார் வீட்டுச் சுவரிலாவது ஏணி, இரவு கிளப்புக் கடையில் சாப்பாடு. 'அந்த சுத்தியல எடும்மா', 'மெயின ஆஃப் பண்ணுங்க' என்பவற்றைத் தவிர வேறு பேச்சில்லாமல் போன வாரங்கள் உண்டு.

வீடு கடற்கரைத் தெருவில் இருந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கட்டை போட்ட மச்சு, மேலே தட்டோடு பாவிய மொட்டை மாடி. கதவைத் திறந்தது மருமகள். முப்பது வயது இருக்கும். குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஹாலில் பெட்டியைக் காட்டி, இதே இடத்தில் வைத்துத்தான் பார்க்கப் போகிறோம் என்றார். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும்மா அது? ஒயர்மேனா? இங்கன வரச் சொல்லு."

அது மருமகளின் மாமனார், ஒரு தண்டல். தோணியை நடத்துகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வருஷம் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரை அவர் தோணியிலேயே பாய் விரித்துக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். கடல் அந்தச் சுவருக்கு அப்பால் இருநூறு அடியில் இருந்தது, ஆனால் தெரியாது.

நான் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வேலைக்குப் போன வீட்டில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். எந்த ஊர், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், ஏன் இன்னும் தனியாக இருக்கிறேன் என்று கேட்டார். பதில் வராத இடத்தில் அவரே ஒரு பதிலைச் சொல்லி, அது சரியா என்று கேட்பார். எனக்குத் தலையாட்டினால் போதும். பேச்சு நடந்துகொண்டே இருந்தது. வெயில் இறங்கிவிட்டதை மருமகள் வந்து சொன்ன பிறகுதான் ஆன்டெனாவை நினைத்தேன்.

மறுநாள் ஒரு நூல்கண்டை எடுத்துப் போய் வீடு முழுவதும் அளந்தேன். ஆங்கிலத் தாளில் எழுத்து புரியவில்லை, படங்கள் புரிந்தன. பட்டை ஒயர் இரும்பைத் தொடக்கூடாது, கரண்டு ஒயரோடு சேர்ந்து ஓடக்கூடாது, காற்றில் படபடக்காமலிருக்க அடிக்கொரு முறுக்கு வேண்டும். அது போதும் எனக்கு. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டைப் பிரித்த அட்டைப்பெட்டி போல வரைந்தேன். மாடி, மாடிச் சுவர், வெளிச்சுவர், ஜன்னல், அறை. கம்பம் எங்கே நிற்கும், ஒயர் எந்த வழியாக இறங்கும், மழைத் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே வராமலிருக்க எந்த இடத்தில் தொங்கலாக வளைய வேண்டும், இடிக்கு எர்த் கம்பி எங்கே போகும் எல்லாம் குறித்தேன். மாடியில் விளக்குக்குப் போகும் மரச் சட்டத்தில் ஓடும் பழைய கரண்டு லைன் கிழக்குச் சுவரில் இறங்கியது. அதற்கு விலகித் தெற்குச் சுவரில் ஒயரை இறக்கினேன். தெற்குச் சுவரில் இருந்தது தண்டலின் ஜன்னல்.

ஒயரின் முனையை அந்த அறையிலேயே முடித்தேன். ஹாலுக்குக் கொண்டுபோகவில்லை. மருமகள் கேட்டபோது, நீளம் கூடினால் படத்தின் பலம் குறையும் என்றேன். அது உண்மை. நான்கைந்து பாகம், அதாவது முப்பதடிக்குள், கூடுவதால் எவ்வளவு குறையும் என்று அவர் கேட்கவில்லை. பெட்டி அந்த அறைக்குப் போனால் கட்டிலில் அவரும் முக்காலியில் நானும் உட்கார்ந்து பார்ப்போம் என்று வரையும்போதே மனதில் ஒரு படம் ஓடியது. வேறொருவர் வீட்டுக்குப் போட்ட பிளானில் எனக்கு ஓர் இடம் வரைந்துகொண்டேன் என்பது அப்போதே தெரியும்.

கம்பத்துக்குத் தண்டல் தன் பழைய தோணியின் ஒரு மரத்தைச் சொல்லி அனுப்பி வரவழைத்தார். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் முறையையும் கட்டிலில் கிடந்தபடியே இடது கையால் காற்றில் வரைந்து காட்டினார். வீட்டுக்கு ஆன்டெனாக் கம்பம் நடுவது அவருக்குத் தோணிக்குப் பாய்மரம் ஏற்றுவது மாதிரிதான் இருந்தது. உப்புக்காற்றில் இரும்புக் கம்பி ஆறு மாதம் தாங்காது என்று சொல்லித் தார் பூசச் செய்தார்.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. ஆன்டெனாவின் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது? கொழும்பைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கொழும்பு எங்கே? தென்கிழக்கு என்று சொல்லலாம். ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் கொஞ்சம் பிசகினாலும் படம் பிடிக்காது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நாற்பது வருஷம் கொழும்புக்குப் போய்வந்தவர் கட்டிலில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

"அண்ணாச்சி, கொழும்புக்கு எங்கன பிடிப்பீங்க?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல கை சுக்கானைப் பிடித்ததுபோல் மடங்கியது. கட்டிலுக்கு அடியிலிருந்து திசைகாட்டிப் பெட்டியை எடுக்கச் சொன்னார். தென்கிழக்குக் கோட்டிலிருந்து தெற்கே இரண்டு கோடு தள்ளி விரல் வைத்தார்.

"கடைசியாப் போகும்போதும் இதே கோட்டுலதான்வே பிடிச்சேன். தலமாட்டுல சவப்பெட்டிய வச்சுக் கேட்டாலும் சொல்லுவேன், செத்த பொறவு கேட்டாலும் சொல்லுவேன்."

திசைகாட்டியை மாடிக்குக் கொண்டுபோய், அந்தக் கோட்டுக்கு நேராக ஆன்டெனாவைத் திருப்பி இறுக்கினேன். பெட்டியை அறைக்குத் தூக்கி வந்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் போட்டோம். இரைச்சல் வந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன.

மருமகள் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "உப்பளத்தப் பாக்கணும்னா வெளிய போய்ப் பாத்துக்கிட மாட்டோமா அண்ணாச்சி?"

தண்டல் சிரித்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நானும் நாளைக்கு வருகிறேன் என்றேன்.

அப்படித்தான் தினமும் மாலையில் அங்கே போகும் பழக்கம் வந்தது. கடை வேலை முடிந்ததும் சைக்கிளை அந்தத் தெருவுக்குத் திருப்புவேன். மாடிக்கு ஏறி ஒயரின் முறுக்குகளைப் பார்ப்பேன், முனைகளைச் சுரண்டி மறுபடி மாட்டுவேன், எர்த்தைப் பார்ப்பேன். கம்பத்தை உயர்த்தியும் பார்த்தேன். திசையை மட்டும் தொடவில்லை. அது தண்டலின் திசை. பிறகு இறங்கிவந்து முக்காலியில் உட்காருவேன். பெட்டி தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். குரலைக் குறைத்து வைத்துவிட்டு அவர் பேசுவார். கொழும்பில் வெங்காயம் இறக்கும் இடம், தேங்காய்ச் சம்பலுக்கு ஒரு கடை, கடலில் முதலில் தெரியும் விளக்கு. பெண் பார்க்கப் போன கதையை ஒருநாள் நானாகவே அவரிடம் சொன்னேன். சாயர்புரத்தில் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னபோது அவர் கட்டில் ஆடச் சிரித்தார். ஒருவர் சிரிக்கும்படி நான் ஒன்று சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

படம் வந்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. அந்த எண்ணம் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்துவிட்டது.

ஒரு வாரம் இப்படிப் போனது. பழைய துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் ஃபியூஸ் மாற்றும் வேலைக்கு முதலாளி அனுப்பினார். வேலை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தோணியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு தோணிக்காரர், என் வயதுதான் இருக்கும், தூக்குச்சட்டியில் சோறு தின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்கலாமா என்று இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை அவரே, "என்னவே தொலச்சீரு?" என்று கேட்டார்.

கொழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நடந்தே போவப் போறீராக்கும்?" என்றார். பிறகு சோற்றுக் கையை நீட்டிக் காட்டினார். அது தண்டல் சொன்ன கோட்டைவிட நன்றாகக் கிழக்கே இருந்தது. இன்னும் இரண்டு கோடு தெற்கே என்று ஒரு தண்டல் சொன்னாரே என்று மெதுவாகச் சொன்னேன்.

"அது கச்சான் காலத்து ஓட்டம்லா. மேகாத்து தள்ளும், நீவாடு கெழக்க இழுக்கும். அதுக்குத் தெக்க விட்டுப் பிடிக்கணும். அங்கன பிடிச்சாத்தான் கொழும்புல போய் நிப்போம். கொழும்பு அங்கன இல்லவே."

கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்று, நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். தோணிக்கு நீவாடு உண்டு, காற்று உண்டு. கடல்மேல் வரும் படத்தை எந்த நீரோட்டம் இழுக்கப் போகிறது? கொழும்பு எங்கே இருக்கிறது என்று நான் தண்டலைக் கேட்டிருக்க வேண்டும். எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டதற்கு அவர் சரியான பதில்தான் சொன்னார். கடைசி ஓட்டத்தில் தன் கையில் இருந்த கோட்டைச் சொன்னார். இரண்டு கோடு திருப்பினால் படம் வரும்.

அன்று மாலை மாடிக்கு ஏறினேன். ஸ்பேனர் கையில் இருந்தது. கம்பத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இறுக்கியிருந்த திருகையே இன்னொரு தடவை இறுக்கிவிட்டுக் கீழே வந்தேன். தண்டல் மாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னவே, ஏதாவது தெரிந்ததா என்றார். இல்லை அண்ணாச்சி என்றேன். முக்காலியில் உட்கார்ந்தேன். மருமகள் காப்பி கொண்டுவந்தார்.

இப்படி ஒன்பது நாள்.

எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நாற்பது வருஷத் தண்டலிடம் போய் உங்கள் திசை தப்பு என்று ஓர் ஐந்தாம் வகுப்பு ஒயர்மேன் சொல்வதா? அவர் மனம் என்ன பாடுபடும்? யார் கேட்டாலும் இதைச் சொல்லலாம் போல இருந்தது. ஆனால் அவரிடம் சொல்லாமலே மாடியில் கம்பத்தைத் திருப்பியிருக்க முடியும். கட்டிலில் கிடப்பவருக்குக் கம்பம் எங்கே பார்க்கிறது என்று தெரியப் போவதில்லை. அதையும் நான் செய்யவில்லை. ஒவ்வொரு மாலையும் ஸ்பேனரோடு ஏறி, ஒன்றும் செய்யாமல் இறங்கினேன். இரைச்சலும் வெள்ளைப் புள்ளியும் இருக்கும்வரை அந்த முக்காலி என்னுடையது.

அவர் எப்போதிருந்து மாறினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் என் சந்தோஷத்தில் கவனிக்காமல் இருந்துவிட்டேன். பேச்சு குறைந்தது. நான் போகும்போது திசைகாட்டிப் பெட்டி அவர் நெஞ்சின்மேல் இருக்கும். இடது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மணப்பாட்டுக்கு எந்தக் கோடு, ராமேஸ்வரத்துக்கு எந்தக் கோடு என்று தானே கேட்டுத் தானே சொல்வார். நடுவில் நின்றுவிடுவார். ஒருநாள் என்னைப் பார்க்காமல் மச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மண்டைக்குள்ள தெச மாறிப் போச்சுவே. கை போச்சு, காலு போச்சு, அதுக்கு நான் அழல. இதுவும் போச்சுன்னா நான் என்னத்த தண்டல்?"

ஒயரில்தான் கோளாறாக இருக்கும் என்று நான் முனகினேன். ஒயரில் நீர் கோளாறு விடமாட்டீர் என்றார். என்னை நம்பித் தன்னைச் சந்தேகப்பட்டார். அன்று காப்பியை என்னால் முழுதாகக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் நான் போனபோது மருமகள் வாசலிலேயே நின்றார். குசினிப் பக்கம் வரச் சொல்லி மெதுவாகப் பேசினார். மாமா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மருந்தையும் தள்ளிவிடுகிறார். நினைவு போகிறது, பேச்சும் போய்விடும் என்று தன் வாயாலேயே சொல்கிறார்.

"படம் வராட்டாப் போவுது. அந்தப் பெட்டிய எடுத்து மூடி வச்சிருங்கண்ணாச்சி. மாமா எங்களுக்கு வேணும்."

நான் மாடிக்குப் போகவில்லை. நேரே அறைக்குப் போனேன். உட்காரவும் இல்லை. என் ஆயுளில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். நின்றுகொண்டே சொன்னேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் சொன்ன கோடு சரி, அது கச்சான் காலத்தில் சுக்கான் பிடிக்கும் கோடு, எனக்கு வேண்டியது கொழும்பு இருக்கும் கோடு, நான்தான் தப்பாகக் கேட்டேன், படத்துக்கு நீவாடு கிடையாது என்று.

அவர் நெஞ்சின்மேல் இருந்த பெட்டி மேலும் கீழும் ஏறி இறங்கியது. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கண்ணீர் வந்து காதுப் பக்கம் வழிந்தது, இடது கை பெட்டியைப் பிடித்திருந்ததால் துடைக்கவில்லை.

"அட பாவி. தோணிக்குச் சொன்னத வீட்டுக்கு வச்சீராக்கும். வீடு எங்கவே ஓடப் போவுது?"

மருமகளைக் கூப்பிட்டு, ஏளா, எனக்கு ஒண்ணும் மறக்கல என்றார். இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நான் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது தண்டல் கேட்டார்.

"எப்பம்வே இது உமக்குத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பேசத் தெரியாதவன் என்று ஊர் சொல்லும் என் வாயில் ஒரு திக்கல்கூட இல்லை. சரி, ஏறித் திருப்பும் என்றார். ஏறினேன். தென்கிழக்குக் கோட்டுக்கு நேராகத் திருப்பினேன். காற்றே இல்லாத மாலை அது. கீழேயிருந்து முதலில் மருமகளின் குரல் கேட்டது, பிறகு பக்கத்து வீட்டார் குரல்கள். இறங்கிப் போய்ப் பார்த்தபோது கண்ணாடியில் புள்ளிகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். சிங்களத்தில். தண்டலைத் தவிர யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறாள் மாமா என்று கேட்டார் மருமகள். "மழ வருமாம்" என்றார் தண்டல், தானே மழையைக் கொண்டுவருகிறவர் போல.

நான் முக்காலியைத் தேடினேன். அதில் பக்கத்து வீட்டு அம்மா இருந்தார்.

இரண்டு நாளில் தெரு முழுவதும் அந்த அறைக்குள் வரப் பார்த்தது. கட்டில் ஓரத்தில் நான்கு பேர், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே ஏழெட்டுப் பேர். அறை தாங்காது என்று ஆயிற்று. ஹாலுக்குப் பெட்டியைக் கொண்டுபோங்கள், கட்டிலையும் ஹாலில் போடுங்கள், நானும் மனுசரைப் பார்த்தமாதிரி இருக்கும் என்று தண்டலே சொன்னார். ஒயரை நீட்டித் தர என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பிளான் எதுவும் வரையவில்லை. அறையின் நிலைப்படிக்கு மேலே துளை போட்டு, ஹாலின் கட்டையோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். மருமகள் முதல் நாள் காட்டிய அதே மூலையில் முனை வந்து நின்றது. நான்கு பாகம் கூடியதில் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மருமகளும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

படம் எல்லா நாளும் ஒரேபோல் வரவில்லை. சில நாள் கண்ணாடி கழுவியதுபோல் வரும், சில நாள் மறுபடி உப்பளம்தான். தொடக்கத்தில் அந்த நாட்களில் என்னைத் தேடி ஆள் அனுப்பினார்கள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் ஒயர் நன்றாகவே இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் தண்டல் கண்டுபிடித்துவிட்டார். பகல் புழுங்கி, கடல் எண்ணெய் போலக் கிடந்தால் படம் வரும். காற்று எழுந்தால் வராது. அதன்பிறகு என்னைக் கூப்பிட வேண்டிய வேலை இல்லை. மாலை நாலு மணிக்கே தெருக்காரர்கள் ஜன்னலில் வந்து, இன்றைக்குப் படம் உண்டா என்று அவரைக் கேட்பார்களாம். அவர் வெளியே ஒரு தடவை பார்க்கச் சொல்லி, மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டு, உண்டு அல்லது இல்லை என்பார். அவர் சொன்னது தப்பவில்லை என்று கடைக்கு வந்தவர்கள் சொல்லக் கேட்டேன். கடலுக்குப் போகாமலே அவர் மறுபடி தண்டல் ஆகிவிட்டார்.

எனக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாள். பட்டினி கிடந்து தன் புத்தியைத் தானே சந்தேகப்பட்ட அந்த நாட்களில் எனக்கு உண்மை தெரியும் என்பதை. அதைச் சொல்ல இரண்டு மூன்று தடவை போனேன். ஹாலில் ஆள் இருக்கும். தண்டல் என்னைப் பார்த்து, வாரும்வே, இவருதான் நம்ம ஒயர்மேன் என்று எல்லாருக்கும் காட்டுவார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒயரைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்துவிட்டு வந்துவிடுவேன். வாடை எழுந்ததும் படம் வராது, கூட்டமும் இருக்காது, அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். ஐப்பசி முழுவதும் காத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் வாடை எழுந்தது. பகலிலேயே தகரக் கூரைகள் கிடுகிடுத்தன. கடலோரத்தில் மணல் பறந்தது. கடையில் சொல்லிவிட்டு நேரத்தோடே கிளம்பினேன். சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் முதல் வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது.

உள்ளே பெட்டி மூடியிருந்தது. துணி போர்த்தி, பழையபடி மாதா படம் மேலே. படம் வராது என்று தண்டல் காலையிலேயே சொல்லிவிட்டாராம். ஆனாலும் வந்திருந்தார்கள். தரையிலும் பெஞ்சிலும் உட்கார்ந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் வெங்காயம் இறக்கும் கதை நடந்துகொண்டிருந்தது. அது எனக்கு முன்பே தெரிந்த கதை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றும் தெரியும். மருமகள் எல்லாருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒருவர் கேட்டார்.

"என்னண்ணாச்சி, ஒயர்ல கோளாறா?"

எதற்கு வந்தேன் என்று சொல்ல வேறு காரணம் கையில் இல்லை. பார்க்கிறேன் என்று மாடிப்படி ஏறினேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. கம்பம் லேசாக ஆடியது, இழுத்துக் கட்டிய கம்பிகள் முனகின. ஆனால் ஆன்டெனா வைத்த இடத்தில் நின்றது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அது பார்க்கும் பக்கம் நானும் பார்த்தேன். வெள்ளை அலையும் மழை மூட்டமும் தெரிந்தன. கீழே எல்லாரும் ஒன்றாகச் சிரிப்பது கேட்டது. வெங்காயக் கதை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இறங்கி வந்தேன்.

"ஒயர்ல ஒண்ணுமில்ல. காத்துதான்" என்றேன்.

"அதத்தான்வே நானும் காலையில இருந்து சொல்லுதேன்" என்றார் தண்டல். மறுபடி சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்புதான், என்னையும் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. யாரோ நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காப்பி வருவதற்குள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.